1:47-க்குப் பிறகு தட்டச்சு வேண்டாம்

1

உடனிருந்தோர்:

எஸ். நேதன், 75, டிரம்பெட் வாசித்தவர்.
அருள்ராணி, 44, அவருடைய மகள்.
ஆஷ்லின், 28, பேட்டி எடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர்.
கிருஷ்ணசாமி, 66, வீட்டுக்காரர்.

இடம்: விழுப்புரம், ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு வாடகை வீடு, தரைத்தளம். நாள்: 2011 ஜனவரி 22, சனிக்கிழமை. நேரம்: பிற்பகல் மூன்று மணி.

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவன் முதலில் எழுத வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். யார் இருந்தார்கள் என்று தெரியாவிட்டால் எந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. இந்தக் கதையில் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. நான்காவது ஆள் அன்று மாடியிலேயே இருந்திருந்தால் எழுத ஒன்றும் இல்லை.

இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டோடு நின்றுபோனவன். விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நான்கு கணினிகள் உள்ள அறையில் இரவு வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. பழைய சென்னையின் ஜாஸ் கிளப்புகள், அங்கே வாசித்த குழுக்கள் பற்றி ஒரு புத்தகம் தயாராகிறதாம். அதற்காக எடுத்த பேட்டிகளில் தமிழில் இருந்த ஒன்று மட்டும் எங்கள் முதலாளி வழியாக என்னிடம் வந்தது. இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம். கூடவே ஒரு குறிப்பு: ‘ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் வரை போதும். அதற்குப் பிறகு தட்டச்சு வேண்டாம். இசை பற்றியது அல்ல.’

போதும் என்ற வரை எழுதிக் கொடுத்தேன். மீதியைக் கேட்காதே என்று யாரும் சொல்லவில்லை.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓர் ஊரின் பெயர் வரும் இடத்தில் ‘அந்த ஊர்’ என்று போடப்போகிறேன். ஒலிப்பதிவில் அது தெளிவாகவே கேட்கிறது. பயந்துகொண்டு அதை மறைக்கிறவன் நான்தான், சொன்னவர் அல்ல.)

2

தொடக்கம் ஒன்று:

‘மவுண்ட் ரோட்டின் ஈரத்தில் விளக்குகள் கரைந்துகொண்டிருந்த ஓர் இரவில், டிரம்பெட்டின் முதல் சுரம் புகைமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு—’

விட்டுவிட்டேன். நான் மவுண்ட் ரோட்டை மழையில் பார்த்ததில்லை. புகைமண்டலத்தையும் யாரும் சொல்லவில்லை. அது நான் எங்கோ படம் பார்த்தது.

தொடக்கம் இரண்டு:

‘கலைக்கு ஏது சாதி என்பார்கள். ஆனால்—’

இதையும் விட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தைப் பேட்டியில் ஒருவர் சொல்லத்தான் செய்கிறார், ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில். சொல்கிறவர் வீட்டுக்காரர். அவர் வாயில் இருப்பதே சரி. நான் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது தொடக்கத்தில் கிழவரைக் கதாநாயகனாக வைத்து நான்கு பக்கம் எழுதினேன். கறுப்புக் கோட்டு, வளைந்த முதுகு, கண்ணில் ஒளி. படித்துப் பார்த்தால் அவருக்கு இழக்க எதுவும் இல்லை. எழுபத்தைந்து வயதில் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒன்றுதான். பதிவை மறுபடியும் கேட்டேன். அதிகம் பேசாத ஒருத்தி எல்லா இடத்திலும் இருக்கிறாள். ‘காபி ஆறுது’, ‘மின்விசிறியைக் குறைக்கட்டுமா’, ‘அப்பாவுக்கு ஞாபகம் தவறுது’. அந்தக் குரலின் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

3

அருள்ராணி அன்று காலை ஸ்கேன் சென்டரில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, வீட்டைக் கூட்டி, நாற்காலிகளைத் துடைத்து, அப்பாவுக்குச் சவரம் பண்ணிவிட்டாள். பண்ணும்போதே பேசினாள். கத்தி கழுத்தில் இருக்கும்போது அவர் எதிர்த்துப் பேசமாட்டார்.

“கிளப்பு, ஓட்டலு, ரெஜி குரூப்பு. அவ்ளோதான். சொந்த ஊரு கேட்டா பாண்டிச்சேரி.”

“ம்.”

“தொண்ணூத்தி மூணு பேச்சே வரக் கூடாது.”

“அவங்க இன்னாத்துக்கு அதைக் கேக்கப் போறாங்க?”

“நீ கேக்காமயே சொல்லுவ.”

[இந்தக் காட்சி பதிவில் இல்லை. பதிவின் கடைசியில் அவள், ‘காலையில கத்தி வெச்சிக்கினு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்’ என்கிறாள். அதை வைத்து எழுதியது.]

அவள் ஏன் பயந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்து விளையாடுகிற கதை இல்லை இது. அவர்கள் திண்டிவனத்துக்கு மேற்கே, வல்லம் பக்கத்தில் அந்த ஊரின் காலனிக்காரர்கள். கிறிஸ்தவர்கள். கிழவரின் பெயர் சவரிநாதன். 1999-இல் புருஷன் செத்து, ஐந்து வயதுப் பெண்ணையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அருள்ராணி விழுப்புரத்துக்கு வேலைக்கு வந்தாள். பதினொரு வீடு பார்த்தாள். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, சொந்த ஊர் எது. அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம். அதற்கப்புறம், ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்மா.

பன்னிரண்டாவது வீட்டுக்கு அவள் அப்பாவின் பழைய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போனாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் போ-டை, கையில் டிரம்பெட், பின்னால் ‘ரெஜி சிக்ஸ்’ என்று எழுதிய முரசு. அப்பா சென்னையில் பெரிய ஓட்டலில் வாசித்தவர், பேர் நேதன், பூர்வீகம் பாண்டிச்சேரி என்றாள். கிருஷ்ணசாமி புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது கேள்வி வரவில்லை. சாவியைக் கொடுத்தார்.

ஜாஸ் இசையால் தமிழ்நாட்டில் யாருக்கு என்ன பயன் என்று அந்தப் புத்தகக்காரர்கள் கேட்டிருந்தால், இதைச் சொல்லலாம்.

பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. மகள் வெனிலா பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வெனிலாவுக்கும் பூர்வீகம் பாண்டிச்சேரிதான். அவளிடமும் அப்படியே சொல்லி வளர்த்தாகிவிட்டது.

4

பதிவின் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது. புத்தகத்தில் வரப்போவது இதுதான், நீங்கள் அங்கேயே படித்துக்கொள்ளலாம். கொஞ்சம் மட்டும் தருகிறேன்.

“கிளப்புக்குள்ள முதல் தடவை நுழைஞ்சப்ப எப்படி இருந்தது அங்கிள்?” என்று ஆஷ்லின் கேட்கிறாள்.

“எங்கம்மா நுழைஞ்சோம்? நாங்க சமையல்கட்டு வழியாத்தான் போவோம். உருளைக்கிழங்கு மூட்டை மேல ஆறு பேரும் உக்காந்து சாப்புட்டு, வாயைத் தொடச்சிக்கினு, கோட்டை மாட்டிக்கினு போவோம். போ-டையெல்லாம் எங்களுக்குக் கட்டத் தெரியாது. எலாஸ்டிக் வெச்சது. உங்க தாத்தாவுது மட்டும் நெஜம்.”

ஆஷ்லின், ரெஜியின் பேத்தி. குழுவின் தலைவர் அவர்தான், சாக்ஸபோன். புத்தகமும் அவளுடையதே.

“ஆடுற தரையில பவுடர் தூவுவாங்க, வழுக்கணும்னு. கேரம் போர்டுக்குத் தூவற மாதிரி. அதைத் தாண்டித்தான் மேடைக்குப் போவணும். என் பூட்சு எந்நேரமும் வெள்ளை.”

இருபதாவது நிமிடத்தில் படியில் செருப்புச் சத்தம். கிருஷ்ணசாமி வருகிறார். கையில் தட்டு, ரிப்பன் பக்கோடாவை வைக்கிற சத்தம். “மோட்டாரை நிறுத்திட்டேன், உங்க ரெக்கார்டிங்குல கேக்கும்னு. நான் ஒரு ஓரமா உக்காந்துக்கலாமா?”

“தாராளமா சார்,” என்கிறாள் அருள்ராணி. அந்தக் கணத்திலிருந்து அவள் பேச்சில் ‘வெச்சிக்கினு’, ‘போய்க்கினு’ என்கிற வீட்டுக் ‘கினு’ நின்றுபோகிறது. கேட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற விஷயம்.

கிழவர் குஷியாகிவிட்டார். கேட்க ஆள் கூடினால் அவருக்கு அப்படித்தான். டிரம்பெட் சத்தத்தை அடக்கிக் குழறவைக்க வெளிநாட்டில் ஒரு மூடி உண்டு என்றும், இங்கே அது கிடைக்காமல், கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர் கப்பை வாங்கிவந்து டிரம்பெட்டின் வாயில் வைத்து வாசித்தேன் என்றும் சொல்கிறார்.

“புதுசுதானே நேதன் சார்?” இது கிருஷ்ணசாமி.

“ரெஜி அப்படித்தான் சொன்னாரு.”

மூவரும் சிரிக்கிறார்கள். அருள்ராணி சிரிப்பது கடைசியில், தனியாகக் கேட்கிறது.

“எங்க ஊர்லயே பாருங்க,” என்கிறார் கிருஷ்ணசாமி, “நம்ம வீட்ல இப்படி ஒரு ஆளு இருந்துக்கிட்டு, தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. கலைக்கு ஏதுங்க ஜாதி, மதம்.”

0:52:10.

“நேதன்ங்கிற பேரு தாத்தா வெச்சதா அங்கிள்?”

“ஆமா. பேரு இன்னான்னு கேட்டாரு. நான் சவ—”

“காபி ஆறுதுப்பா.”

“வாயில நுழையலைன்னு அவரே சுருக்கிட்டாரு,” என்று முடித்துக்கொள்கிறார்.

கிளப்புகள் மூடிய பிறகு எங்கே போனீர்கள் என்கிறாள் ஆஷ்லின். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்.

“பாண்டிச்சேரி.”

5

கிருஷ்ணசாமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. அவரைக் கெட்டவராக எழுதுவது சுலபம். மீசை ஒன்று வைத்து, உத்தியோகத்தில் இருந்தபோது அவர் செய்ததாக ஏதாவது சேர்த்து, படிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே கோபம் வரும்படி செய்துவிடலாம். ஒரு வரைவில் அப்படிச் செய்தேன்.

ஆனால் அருள்ராணியின் பெண்ணுக்கு டெங்கு வந்தபோது ராத்திரி வண்டி எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். (1:09, அவளே ஆஷ்லினிடம் சொல்கிறாள்.) பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே தடவை வாடகை ஏற்றியிருக்கிறார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

நல்ல மனிதர். அவரை நல்லவராகவே விட்டுவிடுகிறேன். அதனால் கதை இலேசாகிவிடும் என்று நினைத்தீர்களானால், மேலே படியுங்கள்.

6

ஆஷ்லின் உண்மையில் எதற்காக விழுப்புரம் வந்தாள் என்பது ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தெரிகிறது.

“தாத்தா ஒரு ட்யூன் போட்டிருக்கார் அங்கிள். கடைசி ஆட்டத்துக்கு. ரெக்கார்டு இல்ல, நோட்ஸும் இல்ல. டைரியில ‘நம்பர் பதினாலு’ன்னு மட்டும் இருக்கு.”

“ஆங். கூட்டத்தைக் கலைக்கற பாட்டு,” என்று சிரிக்கிறார். “மணி ஆனா ஓட்டல்காரன் வெளக்கை அணைக்கணும். குடிச்சவன் எழுந்திருக்க மாட்டான். போடா வூட்டுக்குன்னு சொல்ல முடியாதே, தொரைங்களாச்சே. அதுக்காக ரெஜி ஒண்ணு போட்டாரு. கேக்க சந்தோஷமா இருக்கும். ஆனா கேட்டா தன்னால எழுந்து போவான்.”

“அந்த ஆறு பேர்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஞாபகம் இருக்கா?”

அருள்ராணிக்கு அந்த இடத்தில்தான் மூச்சு வந்தது. (என் ஊகம்.) மெட்டில் சொல் கிடையாது. ஊர் கிடையாது, வருஷம் கிடையாது. ஒன்றரை மணி நேரமாக வாசலில் காவல் நின்றவள், ஆபத்தில்லாத விருந்தாளி ஒருவர் வந்ததுபோல எழுந்து நின்றாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்கிறது. “பல்லு இல்லாம டிரம்பெட் ஊத முடியாது மேடம். மவுத்பீஸ் மட்டும் இருக்கு, அதுல வாசிப்பாரு.” அவளே எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

கையை மடக்கி, அதில் அந்த ஊதுமுனையைப் பொருத்தி, வாசித்தார். ஒரு நிமிடம் ஐம்பது நொடி. சங்கீதம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். தொடக்கம் துள்ளலாக இருக்கிறது. சைக்கிளில் இறக்கத்தில் போவதுபோல. பத்து நொடி கூடப் போகாமல் வேகம் குறைகிறது. அவர் வேண்டுமென்று குறைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த மெட்டை வேகமாக வாசிக்காதவரின் வாய் அது. பழகிய நடைக்குத் தானாகப் போய்விட்டது. ஆள் நடக்கிற வேகம். பிறகு ஆள் சுமையோடு நடக்கிற வேகம். நடுவில் ஓர் இடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து, மூச்சுத் தீருகிற வரை இழுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தார்.

கிளப்பில் அந்த நிறுத்தம் கிடையாது. பாடை போகும்போது பாதி வழியில் கீழே இறக்கி வைப்பார்கள். தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவார்கள். அதுவரை பேண்டு செட்டுக்காரன் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெருவில் வாசித்த வாய்க்கு மட்டும் வருகிற பிழை.

1:47:04. இங்கே என் வேலை முடிந்தது.

7

“இது எனக்குத் தெரியுமே,” என்கிறார் கிருஷ்ணசாமி.

“சார்?”

“எங்க அப்பா சாவுக்கு வாசிச்சாங்க. வளவனூர்ல, ரெண்டாயிரத்து மூணு. அந்த இழுப்பு இருக்கே, பாடையை இறக்கி வெச்சாங்க, அப்ப இழுத்தான் பாருங்க, என் தம்பி அங்கயே உக்காந்துட்டான். அதேதான்.” அவர் குரலில் சந்தேகம் இல்லை. உருக்கம்தான் இருக்கிறது.

“ரேடியோவுல வந்திருக்கும் சார்,” என்கிறாள் அருள்ராணி. “பேண்டு செட்டுக்காரங்க எல்லாத்தையும் கேட்டு எடுத்துப்பாங்க.”

நல்ல பொய். நின்றிருக்கும்.

“இல்ல மேடம், சான்ஸே இல்ல,” என்கிறாள் ஆஷ்லின். அவள் குரல் மகிழ்ச்சியில் உயர்கிறது. “ரேடியோவுல வரவே இல்ல. அந்த ஆறு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சார், அந்த பேண்டு எங்கேருந்து வந்தது?”

“வல்லம் பக்கம். காலனி செட்டு. இது என்ன பாட்டுப்பான்னு கேட்டேன். எங்க சவரி பெரியப்பா போட்டது, தொண்ணூத்தி மூணுல பெரிய வீட்டுச் சாவுக்குப் போட்டதுன்னு சொன்னான்.”

“சவரியா?” காகிதம் புரட்டுகிற சத்தம். “தாத்தா டைரியில இருக்கு. டிரம்பெட், சவரிநாதன். அங்கிள், அது நீங்கதானே? நேதன்னு கூப்பிட்டது அதுக்கப்புறம்தானே?”

வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வருகிற பீப் சத்தம்.

(முதலில் இந்த இடத்தில் ஆஷ்லின்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டுக்குள் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியும் என்பதே அவள் கேள்விப்படாத விஷயம்.)

“அப்பாவுக்கு ஞாபகம் தவறுது,” என்கிறாள் அருள்ராணி.

“எனக்கு ஒண்ணும் தவறல,” என்கிறார் சவரிநாதன்.

8

அவர் சொன்னதை அப்படியே எழுதப்போவதில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னார். வரிசைப்படுத்தியது நான்.

1974-இல் அந்த ஊருக்குத் திரும்பி, காலனிப் பையன்கள் எட்டுப் பேரைச் சேர்த்து பேண்டு செட் வைத்தார். கோயில் திருவிழா, கல்யாணம், கடைத் திறப்பு; திண்டிவனம், ஓமந்தூர் வரை போவார்கள். ஊர்க்காரர்கள் வீட்டுச் சாவுக்கு மட்டும் வாசிக்கமாட்டார்கள். அந்தச் சாவுகளுக்கு மேளம் அடிக்க வேண்டும் என்று அவர் அப்பாவை அழைத்தார்கள், தாத்தாவை அழைத்தார்கள். கேட்டு அழைத்ததில்லை. பதினாலு வயதில் மாதா கோயில் பேண்டில் போய் அவர் டிரம்பெட்டைப் பிடித்ததே அந்த மேளத்தைத் தொடாமல் இருக்கத்தான்.

1993 மே. பெரிய வீட்டு ராஜாமணியின் அப்பா இறந்தார். பேண்டு செட்டோடு வா என்று சொல்லியனுப்பினார்கள். சவரிநாதன் தன் மகனிடம் பதில் சொல்லி அனுப்பினார். லூர்து பிரகாஷ், பத்தொன்பது வயது, செட்டில் சிறிய முரசு அடிக்கிறவன். பதில் இது: “அவங்க வூட்டுக் கல்யாணத்துக்கு ஒருவாட்டி கூப்பிடச் சொல்லு. அப்புறம் சாவுக்கு வர்றேன்.”

வேடிக்கையாகச் சொன்னது என்கிறார். கிளப்பில் பதினாறு வருஷம் இருந்தவனுக்கு வாய் அப்படிப் பழகிவிட்டது என்கிறார்.

பிரகாஷ் திரும்பவில்லை. பதினொரு மணிக்கு ஓர் ஆள் வந்தான். “புள்ள களத்து மேட்டுல உக்காந்துக்கினு இருக்கான். நல்லாத்தான் இருக்கான். நீ வந்து வாசிச்சிட்டு, ரெண்டு பேருமா வூட்டுக்குப் போங்க.”

போனார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். மே மாத வெயிலில் வெறுங்காலோடு சுடுகாடு வரை வாசித்தார்.

“மாதா பாட்டை அவங்களுக்குத் தரமாட்டேன். சினிமாப் பாட்டு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். இதை வாசிச்சேன். குடிச்சவனைக் கிளப்பி வூட்டுக்கு அனுப்பற பாட்டு. அதை அடிக்கு அடி இழுத்து வாசிச்சேன். உங்க அப்பனுக்கு அவ்ளோதான்டா மரியாதை. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல.”

பெண்கள் அழுதார்கள். ராஜாமணி அழுதார். எல்லாம் முடிந்ததும் சவரிநாதன் கழுத்தில் ஒரு புதுத் துண்டைப் போட்டு, இந்த மாதிரி ஒருத்தரும் வாசித்ததில்லை என்றார். பிரகாஷை விட்டார்கள். சட்டை கிழிந்திருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்தது. களத்து மேட்டிலிருந்து அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“வழியெல்லாம் ஒண்ணும் பேசல. வூட்டாண்ட வந்து சொன்னான். ‘நல்லாத்தான் வாசிச்சப்பா.’ சாயந்திரம் பஸ் ஏறிட்டான். திருப்பூருன்னாங்க. இதுவரைக்கும் வரல.”

அடுத்த மாதம் பக்கத்து ஊர்ச் சாவுக்கு அதே மெட்டைக் கேட்டு வந்தார்கள். அவர் மாட்டேன் என்றார். செட்டுப் பையன்கள் போனார்கள். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது. பத்து வருஷத்தில் அது வளவனூர் வரை வந்துவிட்டது.

“நான் திட்டினது சார் அது. நீங்கள்லாம் அதைச் சடங்காக்கிக்கினீங்க.”

‘நீங்கள்லாம்’ என்கிறார். கிருஷ்ணசாமியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

[ஆட்டம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற பாட்டு, ஆளையே அனுப்புகிற பாட்டாக— வேண்டாம். உங்களுக்கே தோன்றியிருக்கும். அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை.]

9

கிருஷ்ணசாமி எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்தார்.

“கஷ்டமான விஷயம்தான்,” என்றார். பெயர் சொல்லவில்லை, சாரும் இல்லை. பிறகு, “ராணிம்மா, சொல்லணும்னு இருந்தேன். எங்க மச்சினன் பையன் வேலை மாத்தலாகி வர்றான். குடும்பத்தோட. மேல எங்க வீட்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புறமா பேசுவோம். அவசரம் இல்ல.”

“பாப்பாவுக்கு மார்ச்சுல பரீட்சை சார்.”

“அப்புறமா பேசுவோம்.”

படியில் செருப்புச் சத்தம். தட்டை எடுத்துக்கொண்டு போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

10

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) கிருஷ்ணசாமி பாதிப் படியில் நிற்கிறார். அப்பாவின் பாடை ஞாபகம் வருகிறது. திரும்பி வந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இதைப் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் நன்றாக வரும்.

ஆ) மறுநாள் சாமான்கள் தெருவில். விழுப்புரத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. மச்சினன் பையன்கள் மாற்றலாகி வருவார்கள், அவ்வளவுதான்.

இ) அருள்ராணி படியேறிப் போய் நாலு கேள்வி கேட்கிறாள். நாளைக்கு வீடு தேட வேண்டியவர்கள் இன்றைக்குத் தெருவில் குரலை உயர்த்தமாட்டார்கள். வீடு தேடும்போது அந்தக் குரலும் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடும்.

உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இருக்கிறது. அந்தத் தெரு என் அறையிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. இரண்டு வருஷமாக நான் போகவில்லை. சோம்பல் அல்ல. நான் குடியிருக்கிற அறைக்கு வாடகை பேச வந்தபோது அதன் வீட்டுக்காரர் சொந்த ஊர் கேட்டார். சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். சாவியை எடுத்து நீட்டினார். எனக்கு அதில் அன்று ஒன்றும் தோன்றவில்லை.

11

பதிவில் இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. ஆஷ்லின் செல்போனில் சிக்னல் தேடி வெளியே போகிறாள். கிடைச்சிடுச்சு, தாத்தாவோட ட்யூன் கிடைச்சிடுச்சு என்று அவள் யாரிடமோ சொல்வது தூரத்தில் கேட்கிறது. கருவியை மேஜையிலேயே விட்டுவிட்டாள். வீட்டுக்குள் இரண்டு பேர்.

“ரெண்டு மணி நேரம்பா. ரெண்டு மணி நேரம் வாயை மூடிக்கினு இருக்க முடியல உன்னால.” கினு திரும்பி வந்துவிட்டது.

“நான் எங்க வாயைத் தொறந்தேன்? ஊதினேன்.”

“காலையில கத்தி வெச்சிக்கினு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“மவுத்பீஸை எடுத்துக் குடுத்தது யாரு?”

பீரோக் கதவு மூடுகிறது. அவள் மறுபடி பேசும்போது குரல் பக்கத்தில் கேட்கிறது. தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“மேல போ. அவருகிட்ட சொல்லு. வயசாயிடுச்சு, யாரோ சொன்ன கதைய என் கதைன்னு சொல்லிட்டேன்னு சொல்லு. அந்த செட்டுல எவனோ வேற சவரின்னு சொல்லு. நம்புவாரு. நம்பறதுக்குத்தான் அவரும் பார்ப்பாரு.”

“பிரகாஷு?”

“பிரகாஷுன்னு ஒருத்தன் இல்லன்னு சொல்லு.”

“அருளு.”

“பன்னெண்டாவது வீடுப்பா இது. பாப்பாவுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்? ஆறு மணிக்கு டியூஷன் விட்டு வந்துடுவா. அவ வர்றதுக்குள்ள மேல போய்ட்டு வந்துடு. சட்டையை மாத்திக்கினு போ. இந்தா.”

துணி உதறுகிற சத்தம். நாற்காலி கிரீச்சிடுகிறது. அவர் எழுந்தாரா, நகர்ந்து உட்கார்ந்தாரா? ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டேன். எழுந்ததுபோல எழுதிப் பார்த்தேன். எழாததுபோலவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவரை நான்தான் தூக்கி நிறுத்துகிறேன், நான்தான் அழுத்தி உட்கார வைக்கிறேன். விட்டுவிட்டேன். முடிந்தால் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

வாசலில் காலடி. “சாரி ஆன்ட்டி, ரெக்கார்டரை விட்டுட்டுப் போய்ட்டேன்,” என்கிறாள் ஆஷ்லின். “அங்கிள், ரொம்ப தேங்க்ஸ். எங்க வீட்ல எல்லாரும் அழுறாங்க.”

அவர் ஏதோ சொல்கிறார். கருவி கைக்கு மாறுகிற கரகரப்பில் அது கேட்கவில்லை.

“பார்த்துப் போங்க மேடம்,” என்கிறாள் அருள்ராணி. நல்ல விழுப்புரத்து வாடகை வீட்டுத் தமிழ். “படியில லைட் இல்ல.”

மூன்று படி. தெருவின் சத்தம். ஆஷ்லினுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. உள்பக்கம் சாவி ஒரு சுற்று, இன்னொரு சுற்று.